பழைய வீடியோ கேமராவைத் தூக்கிப் போடாதீர்கள்: கணினிக் கேமராவாக இன்னும் உழைக்கும்

1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நம் வீடுகளில் சேமித்த பணத்தில் வாங்கிய பெரிய சாமான்களில் ஒன்று வீடியோ கேமரா. மகளின் கல்யாணம், பேரனின் காதுகுத்து, பத்துமலைக்குக் காவடி எடுத்தது, தோட்டத்துக் கோவில் திருவிழா என எல்லாவற்றையும் பிடித்து வைத்தது அதுதான். கைப்பேசியிலேயே படம் பிடிக்க முடிந்த பிறகு அது அலமாரிக்குள் போனது. இப்போது வீடு மாறும்போதோ, தீபாவளிக்குச் சுத்தம் செய்யும்போதோ கையில் தட்டுப்படுகிறது. பழைய பேப்பர் லோரிக்குப் போடலாமா என்று யோசிக்கிறோம். சிங்கப்பூரில் என்றால் கராங்குனிக்காரரிடம் போய்விடும்.

போடுவதற்கு முன் ஒரு நிமிடம். கேசட் ஓடாமல் போனாலும், அந்தக் கேமராவின் கண் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கம்பியும் ஒரு சிறு கருவியும் இருந்தால் அதைக் கணினியோடு இணைத்து, ஜூம், கூகள் மீட் போன்றவற்றில் முகம் காட்டும் கேமராவாக வைத்துக்கொள்ளலாம். அதற்காக வாங்கும் அதே கருவி, வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய கேசட்டுகளைக் கணினிக்குள் ஏற்றவும் உதவும். இரண்டாவது வேலைதான் முக்கியம் என்பது என் எண்ணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைப்பேசி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய காலத்தில் கணினிக் கேமராவுக்குப் பெரும் தட்டுப்பாடு. அப்போது பழைய கேமராவைத் தேடி எடுத்தவர்கள் பலர். இன்று அந்த நெருக்கடி இல்லை. சும்மா இரண்டு வார்த்தை பேச வேண்டுமென்றால் கைப்பேசியே போதும். படத் தெளிவிலும் கேசட் காலத்துக் கேமரா இன்றைய கைப்பேசிக்கு ஈடாகாது.

ஆனால் மூன்று இடங்களில் பழைய கேமரா ஜெயிக்கிறது. முதலாவது, கண்ணாடி வில்லையாலேயே 10 மடங்கு, 20 மடங்கு கிட்டத்தில் இழுக்கும் வசதி. அறையின் மூலையில் நின்றபடியே மிருதங்க ஆசிரியரின் விரலையும், டியூஷன் ஆசிரியர் தாளில் எழுதும் கணக்கையும் அது காட்டும். இரண்டாவது, மின்சாரத்தில் போட்டுவிட்டால் முக்காலியில் நின்று மணிக்கணக்காக ஓடும். கோவில் பூசையை நேரலையாகக் காட்டுகிறவர்களுக்கு இது பெரிய உதவி, யாருடைய கைப்பேசியும் சிறைப்பட வேண்டியதில்லை. மூன்றாவது, வயதானவர்கள். தோட்டத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவது சிரமம். காதும் நெற்றியும்தான் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கேமராவை முக்காலியில் நிறுத்திப் பாருங்கள். பாட்டி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விட்ட பிள்ளைகளைப் பெரிய திரையில் பார்த்துப் பேசலாம். தூரத்தில் இருந்தாலும் அவர் முகம் திரை நிறையத் தெரியும்.

முதலில் ஓட்டையைப் பாருங்கள்

உங்கள் கேமரா எந்த வகை என்பதை அதன் பெயரை விட, உடம்பில் உள்ள ஓட்டைகளே சரியாகச் சொல்லும். ரப்பர் மூடிகளைத் திறந்து பாருங்கள். கேசட் போடும் கேமராக்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஏவி என்று எழுதிய ஓட்டை இருக்கும். தொலைக்காட்சியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பிளக்குகளைச் செருகிப் பார்ப்போமே, அந்த வயர் போகும் இடம் அதுதான். 1995இல் வந்த மினி டிவி கேசட் கேமராக்களிலும், 1999இல் வந்த டிஜிட்டல் 8 கேமராக்களிலும் கூடவே ஒரு சின்ன நான்கு முள் ஓட்டை இருக்கும். அதற்கு ஃபயர்வயர் என்று பெயர், சோனி ஐ.லிங்க் என்றும், மற்றவர்கள் டிவி என்றும் எழுதியிருப்பார்கள். 2006க்குப் பிறகு வந்த, மெமரி கார்டில் பதியும் எச்டி கேமராக்கள் பலவற்றில் சிறிய எச்டிஎம்ஐ ஓட்டை உண்டு.

யுஎஸ்பி ஓட்டையைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு விடாதீர்கள். கேசட் கேமராக்களில் அது பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள நிழற்படத்தைக் கணினிக்கு மாற்றுவதற்கு மட்டுமே. சில சோனி கேமராக்களில் யுஎஸ்பி வழியாகவே நேரடிப் படம் அனுப்பும் வசதி இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கான மென்பொருள் விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்தோடு நின்றுவிட்டது. இன்றைய கணினியில் அதோடு மல்லுக்கட்டுவது நேர விரயம்.

ஏவி வயர் வழி: பழசானாலும் நம்பகமானது

கேசட் கேமரா வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். ஒரு முனையில் மூன்று வண்ண ஓட்டைகளும், மறுமுனையில் யுஎஸ்பியும் உள்ள சின்னக் கருவி ஒன்று இணையச் சந்தைகளில் கிடைக்கிறது. ஈஸிகேப் என்ற பெயரில் பல ரகங்கள் வருகின்றன. சாதாரண ரகம் பெரும்பாலும் 50 வெள்ளிக்குள் அடங்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: மென்பொருள் எதுவும் ஏற்றாமல், செருகியவுடன் வேலை செய்யுமா? யுவிசி வகை என்று போட்டிருந்தால் செய்யும். சில கடைகளில் கருவியோடு சின்னக் குறுந்தட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். இன்றைய மடிக்கணினியில் அதைப் போட இடமே இல்லை!

கேமராவோடு வந்த ஏவி வயர் தொலைந்திருக்கும். அது பெரிய பிரச்சினை இல்லை. பலவற்றுக்கு ஒரு பக்கம் இயர்போன் பிளக் போலவும் மறுபக்கம் மூன்று வண்ணமாகவும் உள்ள வயர் போதும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி கட்டியிருக்கும் முறை ஒவ்வொரு தயாரிப்புக்கும் மாறும். மஞ்சளைச் செருகியும் படம் வராமல் காதைக் கிழிக்கும் இரைச்சல் மட்டும் வந்தால், மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பாருங்கள். பல வேளைகளில் அதிலேயே சரியாகிவிடும். 2000களின் நடுவில் வந்த சோனி கேமராக்கள் சிலவற்றில் ஏவி ஓட்டை தட்டையாக, தனி வடிவத்தில் இருக்கும். அதற்கு அந்த வகை வயரைத்தான் தேட வேண்டும்.

அடுத்தது பால், என்டிஎஸ்சி விவகாரம். குடிக்கிற பால் இல்லை. படம் அனுப்பும் முறையின் பெயர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விற்றவை பால் முறையைச் சேர்ந்தவை, நொடிக்கு 25 படம். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வாங்கி வந்த கேமரா என்டிஎஸ்சி முறையில் இருக்கும். கணினியில் தவறான முறையைத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழும் உருளும். கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணினியில் அமைப்பை மாற்றினாலே போதும்.

ஃபயர்வயர் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. படம் நன்றாக இருக்கும், ஆனால் இன்றைய மடிக்கணினிகளில் அந்த ஓட்டையே கிடையாது. 2025இல் வந்த மேக்ஓஎஸ் தாஹோவில் ஆப்பிளும் அதைக் கைவிட்டுவிட்டது. ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யுஎஸ்பி என்று மலிவாக விற்கும் வயரை வாங்கி ஏமாறாதீர்கள். இரண்டும் பேசும் மொழி வேறு. வெறும் வயரால் அதை மொழிபெயர்க்க முடியாது. உங்கள் வீட்டில் அந்த ஓட்டையோடு பழைய மேசைக் கணினி இருந்தால் அதைக் கேசட் ஏற்றுவதற்கென்று பத்திரமாக வைத்திருங்கள். கணினிக் கேமரா வேலைக்கு ஏவி வழியே போதும்.

எச்டி கேமரா வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம்

எச்டிஎம்ஐ படத்தை யுஎஸ்பிக்கு மாற்றும் விரலி அளவுள்ள கருவி ஒன்று போதும். கேமரா பக்கம் மினியா மைக்ரோவா என்று பார்த்து வயர் வாங்குங்கள். மலிவான கருவியின் உறையில் 4கே என்று பெரிதாகப் போட்டிருக்கும். அது உள்ளே வாங்குவதைச் சொல்கிறது. கணினிக்குக் கொடுப்பது முழு எச்டி அளவுதான். முகம் பார்த்துப் பேச அதுவே தாராளம்.

செருகியதும் பேட்டரி அளவு, நேரம், ஓரத்தில் எழுத்துகள் எல்லாம் படத்தோடு சேர்ந்து வரும். கேமராவின் மெனுவில் திரை எழுத்துகளை வெளியே அனுப்புவதற்கான அமைப்பு இருக்கும். சோனியில் டிஸ்ப்ளே அவுட்புட் அல்லது டிஸ்ப் அவுட் என்ற பெயரில் வரும். அதை எல்சிடி பேனல் என்று வைத்தால் எழுத்துகள் கேமராவின் சிறு திரையோடு நின்றுவிடும். இன்னொன்று, பல எச்டி கேமராக்களில் அந்தச் சிறு திரையை மூடினால் கேமராவே அணைந்துவிடும். ஆகவே திறந்தே வைத்து, உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

பல வருடம் தூங்கிய கேமராவை எழுப்பும்போது

முதலில் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். வயிறு உப்பியிருந்தால் மறுபடி மாட்டாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். மின்சாதனக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பேட்டரி தேவையே இல்லை. சுவரில் செருகும் அடாப்டர்தான் வேண்டும். வெளிநாட்டில் வாங்கிய அடாப்டர் என்றால் அதன் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே நம் வீட்டு மின்சாரத்தில் செருகுங்கள். வேறு அடாப்டர் வாங்க நேர்ந்தால் வோல்ட் அளவும் பிளக்கின் வடிவமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தேதி கேட்டுத் தொந்தரவு செய்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி காலியாகியிருக்கிறது என்று பொருள். பல கேமராக்களில் அது தானே சார்ஜ் ஏறும் வகை. கேமராவை அணைத்த நிலையில் அடாப்டரில் ஒரு முழு நாள் விட்டு வைத்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

நம் ஊர் ஈரம் கேமராவுக்கு எதிரி. வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் படம் சற்று மங்கலாக வரும், அவ்வளவுதான். உள்ளே பிடித்ததை வீட்டில் துடைக்க முயலாதீர்கள். படமே வராமல் கறுப்பாகவோ ஊதா நிறக் கோடுகளாகவோ வந்தால் கேமராவின் கண்ணே போயிருக்கலாம். 2000களின் தொடக்கத்தில் தயாரான சில படச் சில்லுகள் வெப்பமும் ஈரமும் உள்ள இடங்களில் பழுதாகின்றன என்று 2005இல் சோனி நிறுவனமே அறிவித்தது. அந்தச் சில்லுகளை வேறு பல நிறுவனங்களின் கேமராக்களும் பயன்படுத்தியிருந்தன. இப்படிப்பட்ட கேமரா கணினிக்கு உதவாது. ஆனால் அதன் கேசட் பகுதி இன்னும் ஓடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

கேமராவாகப் பயன்படுத்தும்போது கேசட்டை வெளியே எடுத்துவிடுங்கள். கேசட் உள்ளே இருந்தால், நாடாவும் அதைப் படிக்கும் தலைப்பகுதியும் தேயாமல் இருக்கச் சில நிமிடங்களில் கேமரா தானே அணையும். வெளியே எடுத்தால் பெரும்பாலானவை அணைவதில்லை. சோனி கேமராக்கள் பலவற்றில், கேசட் இல்லாமல் பத்து நிமிடம் போனால் கடையில் காட்டும் விளம்பரக் காட்சி திரையில் ஓட ஆரம்பிக்கும். மெனுவில் டெமோ மோட் என்பதை அணைத்துவிட்டால் நிற்கும். முக்கியமான கூட்டத்தின் நடுவில் அது ஓடினால் சங்கடம்.

கணினியில் செய்ய வேண்டியது

யுவிசி வகைக் கருவி என்றால் ஜூமில் கேமரா தேர்வு செய்யும் இடத்தில் அதன் பெயர் தானாகவே வந்து நிற்கும். பலருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். படத்தைச் சீர்படுத்த வேண்டுமென்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். அதில் வீடியோ கேப்சர் டிவைஸ் என்பதைச் சேர்த்து உங்கள் கருவியைத் தேர்ந்தெடுத்தால் படம் வரும். பால், என்டிஎஸ்சி மாற்றம் தேவைப்பட்டால் இங்கேதான். பழைய கேமராவில் கையை அசைத்தால் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரியும். படத்தின் மீது வலது சொடுக்குச் செய்து, டீஇன்டர்லேசிங் என்பதில் யாடிஃப் என்று வைத்தால் அவை மறையும். முகம் அகலமாக இழுபட்டுத் தெரிந்தால் படத்தின் அளவை 4க்கு 3 என்ற விகிதத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு ஸ்டார்ட் விர்ச்சுவல் கேமரா என்பதை அழுத்தி, ஜூமில் ஓபிஎஸ் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். இந்த வசதி 2020இல் வந்த 26ஆம் பதிப்பிலிருந்து ஓபிஎஸ்ஸிலேயே இருக்கிறது.

ஒலி இந்த வழியில் போகாது. விர்ச்சுவல் கேமரா படத்தை மட்டுமே கொண்டு போகும். ஜூமில் மைக் என்ற இடத்தில் மடிக்கணினியின் மைக்கையோ அந்தக் கருவியின் ஒலியையோ தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமரா தூரத்தில் இருந்தால் கணினி மைக்கே நல்லது. கேமரா மைக் மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து வரட்டும். பழைய கேமராவுக்கு மங்கிய வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாக வரும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உருவம் நிழலாகிவிடும்.

அந்தக் கேசட்டுகள்

மேலே சொன்ன ஏவி கருவி, வயர், ஓபிஎஸ் மூன்றும் தயாரானால் கேசட் ஏற்றுவதற்கு வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. கேமராவைப் படம் பிடிக்கும் நிலையிலிருந்து ஓட்டிப் பார்க்கும் நிலைக்கு மாற்றி, கேசட்டைப் போட்டு, ஓபிஎஸ்ஸில் ஸ்டார்ட் ரெக்கார்டிங் அழுத்துங்கள். அதற்கு முன் கருவியின் ஒலியை ஓபிஎஸ்ஸில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கேசட்டில் பேசும்போது ஒலிக் கோடு அசைய வேண்டும். முழுக் கேசட்டையும் ஏற்றிய பிறகு சத்தமே இல்லை என்று கண்டுபிடிப்பது கொடுமை, எனக்கு நடந்திருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட் ஓட ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. நொடிக்கு 6 மெகாபிட் அளவில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.7 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அந்தக் கேசட்டைப் போடவே போடாதீர்கள். அதுவும் பூஞ்சைதான். கேமராவின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்து, கேசட் சுத்தம் செய்து மாற்றித் தரும் கடையில் கொடுங்கள். நாடாவும் ஓட்டும் கேமராவும் ஒரே நேரத்தில் கிழடாகிக்கொண்டு வருகின்றன. இன்று ஓடும் கேமரா அடுத்த வருடம் கேசட்டை விழுங்கலாம். எனவே கணினிக் கேமராவாகப் பழகுவதற்கு முன்பே, கேமரா ஓடும் நிலையில் இருக்கும்போது, கேசட்டுகளை முடித்துவிடுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், இப்போது இல்லாதவர்களின் குரல் இருக்கும் கேசட்டை முதலில் போடுங்கள். கல்யாண வீடியோவின் பிரதி உறவினர் வீட்டில் இருக்கலாம். லயத்து வாசலில் தாத்தா பேசியது வேறு எங்கும் இருக்காது. அந்த லயமே இன்று இல்லாமல், தாமானாகவோ செம்பனைக் காடாகவோ ஆகியிருக்கும்.

கேமராவை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் கேசட் கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள். பல கேமராக்களில் மின்சாரம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. கடைசியாகப் பிடித்த கேசட் உள்ளேயே இருப்பது சகஜம்.

ஏற்றி முடித்த கோப்புக்கு வருடம், இடம், விசேஷம் மூன்றையும் பெயராக வையுங்கள். ஒரு பிரதியைக் கணினியிலும் இன்னொன்றைத் தனி ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்துக்கொள்ளுங்கள். புலனத்தில் அனுப்பினால் படம் சுருங்கித் தெளிவு குறையும். பார்ப்பதற்கு அனுப்பலாம், பாதுகாப்பதற்கு அது ஆகாது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஜூமில் கூட்டுங்கள். பாட்டிக்கு எதிரே பழைய கேமரா நிற்கட்டும். திரைப் பகிர்வில் ஒலியையும் பகிரும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பை ஓட்டுங்கள். வரிசையில் நிற்பவர் யார், எந்தத் தோட்டம், யார் மகள் என்று பாட்டி சொல்லச் சொல்ல, ஜூமிலேயே பதிவு பொத்தானை அழுத்தி வையுங்கள். இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரு கேசட்டுக்கு இரண்டு கூட்டம் தேவைப்படலாம்.